பழைய வண்டியில் வேற்று எஞ்சின்
(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசச் சொல்லியிருக்கிறார்கள். பாயசம் வேறு இரண்டு முறை பரிமாறினார்கள். கண் அசருகிறவர்கள் தாராளமாக அசரலாம், நான் வருத்தப்பட மாட்டேன்.

செயலாளர் அவர்கள் எனக்குத் தந்த தலைப்பு "வாகனத் துறையில் புதிய போக்குகள்". மின்சாரக் கார், பேட்டரி இதையெல்லாம் காலையிலேயே பெரியவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் நான் கொஞ்சம் எண்ணெய்க் கறை படிந்த விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒரு காரின் எஞ்சினை இறக்கிவிட்டு, அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு காரின் எஞ்சினை அதில் ஏற்றுவது. அதுவும் எதற்காக? டிரிஃப்ட் ஓட்டுவதற்காக.

டிரிஃப்ட் என்றால் என்ன என்று பெரியவர்களுக்காக ஒரு வரி. வளைவில் போகும்போது பின் சக்கரங்களை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரால் அந்த வழுக்கலை அப்படியே தக்கவைத்துக்கொண்டு வண்டியைப் பக்கவாட்டாகவே ஓட்டிச் செல்வது. மழை நாளில் நம்மூர் பஸ் தெரியாமல் செய்வதை இவர்கள் தெரிந்து செய்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கலை ஜப்பானில் வளர்ந்தது. 1970களில் பந்தய ஓட்டுநர் குனிமிட்சு தகஹாஷி வளைவுகளில் இப்படி ஓட்டிப் பேர் வாங்கினார். அவரைப் பார்த்துக் கற்றவர் கெய்ச்சி சுச்சியா. மலைப்பாதையில் டொயோட்டாவின் ஏ.இ.86 என்ற சின்னக் காரை இவர் ஓட்டிய வீடியோ படம் 1987ல் வெளிவந்தது. 2001ல் ஜப்பானில் டி1 கிராண்ட் பிரீ என்று தொடர் போட்டியாகவே ஆகிவிட்டது. 2004ல் அமெரிக்காவில் ஃபார்முலா டிரிஃப்ட் தன் முதல் பருவத்தை நடத்தியது. கவனியுங்கள், சுச்சியாவின் ஏ.இ.86ல் இருந்தது வெறும் 1.6 லிட்டர் எஞ்சின். இதைக் கடைசியில் மறுபடி சொல்வேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரிஃப்ட் ஓட்டுகிறவர்களிடம் ரொம்பப் பிரபலமான கார் நிசான் சில்வியா, எஸ்13 என்ற தலைமுறை. 1988ல் வந்தது. எஞ்சின் முன்னால், இயக்கம் பின் சக்கரத்தில், எடை குறைவு. ஜப்பானில் முதலில் 1.8 லிட்டர் எஞ்சின் போட்டார்கள். 1991ல் எஸ்.ஆர்.20 என்ற 2 லிட்டர் எஞ்சினுக்கு மாறினார்கள். அதன் டர்போ வகை 205 குதிரைத்திறன் கொடுத்தது. இதே காரை அமெரிக்காவில் 240 எஸ்.எக்ஸ். என்ற பேரில் விற்றார்கள். ஆனால் அங்கே போட்டது கே.ஏ.24 என்ற 2.4 லிட்டர் எஞ்சின், டர்போ கிடையாது, 1991க்குப் பிறகும் 155 குதிரைத்திறன்தான். உடம்பு அதே உடம்பு, இதயம் மட்டும் வேறு. அமெரிக்க இளைஞர்கள் சும்மா இருப்பார்களா? ஜப்பானில் கழிக்கப்பட்ட கார்களின் முன்பாதியை அப்படியே வெட்டிக் கப்பலில் அனுப்புவார்கள். "ஹாஃப் கட்" என்று பேர். அதிலிருந்து எஸ்.ஆர்.20 எஞ்சினை கியர்பாக்ஸோடு எடுத்து 240 எஸ்.எக்ஸ்.ஸில் வைத்தார்கள். ஒரே குடும்பத்துக் கார் என்பதால் பெரும்பாலும் போல்ட் துளைகூடச் சரியாகப் பொருந்தும்.

அடுத்த கட்டம்தான் வேடிக்கை. நிசானில் டொயோட்டா சுப்ராவின் 2 ஜே.இசட். எஞ்சினை வைத்தார்கள். நிசானின் எஸ்.ஆர்.20க்கும் டொயோட்டாவின் 2 ஜே.இசட்.டுக்கும் போர் 86 மி.மீ., ஸ்ட்ரோக் 86 மி.மீ., இரண்டும் ஒன்றேதான். அதில் நாலு சிலிண்டர், இதில் ஆறு. ஆகவே அது 1998 சி.சி., இது 2997 சி.சி. போட்டிக் கம்பெனிகள் இரண்டும் சொல்லிவைத்த மாதிரி ஒரே அளவில் வந்து நிற்பதைப் பார்த்தால் நமக்கே ஒரு சந்தோஷம் வரும். பிறகு ஜெனரல் மோட்டார்ஸின் எல்.எஸ். வி8 எஞ்சின் வந்தது. 1997 கார்வெட்டில் எல்.எஸ்.1 என்ற பேரில் அறிமுகமானது, 5.7 லிட்டர். ஒரே ஒரு கேம்ஷாஃப்ட், அதுவும் பிளாக்கின் நடுவில், புஷ்ராட் வைத்த பழைய பாணி. "என்னய்யா இந்தக் காலத்தில் புஷ்ராட்?" என்று கேட்கலாம். தலைக்கு மேலே நாலு கேம்ஷாஃப்ட் இல்லாததால்தான் அந்த எஞ்சின் அகலத்திலும் உயரத்திலும் அடக்கமாக இருக்கிறது. சின்னக் காரின் எஞ்சின் அறையில் நுழைவதற்கு அதுதான் காரணம். 2016ல் ரையன் டர்க் என்ற அமெரிக்க ஓட்டுநர் டொயோட்டா ஜி.டி.86 காரின் முன்பக்கம் ஃபெராரி 458ன் எஞ்சினையே உட்கார வைத்துவிட்டார்.

இது வெளிநாட்டுப் பைத்தியம் என்று நினைக்காதீர்கள். 1950களில் பிறந்த உடம்போடு ஓடிய நம் அம்பாசடரில் 1990களின் தொடக்கத்தில் இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சினைக் கம்பெனியே வைத்து விற்கவில்லையா? பெட்ரோல் காரில் டீசல் எஞ்சின் மாட்டிய நம்மூர்ப் பட்டறைக்காரர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

சரி, எதற்காக இவ்வளவு பாடு? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். எஸ்13 காரின் எடை 1,250 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி பின் சக்கரத்தில். டயரின் உராய்வுக் குணகம் 1 என்றால், பின் டயர்கள் இரண்டும் சேர்ந்து தாங்கக்கூடிய விசை சுமார் 6,100 நியூட்டன். எஞ்சின் தள்ளும் விசை இதைத் தாண்டினால்தான் ஆக்ஸிலரேட்டரால் மட்டுமே சக்கரத்தை வழுக்க வைக்க முடியும்.

கே.ஏ.24 எஞ்சினின் அதிகபட்ச டார்க் சுமார் 217 நியூட்டன் மீட்டர். மூன்றாவது கியர் விகிதம் 1.3, டிஃபரன்ஷியல் 4, சக்கர ஆரம் 0.3 மீட்டர். பெருக்கி வகுத்தால் சுமார் 3,760 நியூட்டன் வருகிறது. டயர் அசையாது. இரண்டாவது கியரில், விகிதம் 1.9, சுமார் 5,500. கிட்டத்தட்ட, ஆனால் போதாது. 1998 முதல் 2002 வரை வந்த கமாரோவின் எல்.எஸ்.1 எஞ்சினுக்கு 450 நியூட்டன் மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், அதே மூன்றாவது கியரில் 7,800 நியூட்டன். டயர் புகைந்துவிடும். மூன்றாவது கியரில் 5,000 சுற்றில் வண்டி மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலே போகும். அந்த வேகத்திலும் வழுக்கலை வலது கால் ஒன்றினால் கட்டுப்படுத்தலாம். பெரிய எஞ்சின் கேட்பது உச்ச வேகத்துக்காக இல்லை, இதற்காகத்தான்.

இப்போது மிஷிகனுக்கு வாருங்கள். அங்கே நான் வேலை பார்த்த ஐந்து வருடத்தில், என் அலுவலக நண்பர் ஒருவர் தன் 240 எஸ்.எக்ஸ்.ஸில் கமாரோவின் எல்.எஸ்.1 எஞ்சினை ஏற்றினார். அவருடைய கராஜில் சனிக்கிழமைதோறும் ஸ்பேனர் பிடித்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன். எஞ்சினைத் தூக்கி உள்ளே வைக்க ஆன நேரம் ஒரு பிற்பகல். மற்றதற்கெல்லாம் ஆனது பதினாறு மாதம். அவர் செலவுக் கணக்கு எழுதிய நோட்டில் எஞ்சின் ஒரே ஒரு வரி. மற்றவை பதினோரு பக்கம்.

அந்தப் பதினோரு பக்கத்தில் என்ன இருந்தது என்பதுதான் இன்றைய பாடம்.

முதலில் ஆயில் சம்ப். எஞ்சினின் அடியில் சம்ப் முன்னால் தொங்குகிறதா, பின்னால் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். காரின் குறுக்குச் சட்டம் எங்கே ஓடுகிறதோ அங்கே சம்ப் இருந்தால் எஞ்சின் உட்காராது. எஸ்13ல் எல்.எஸ். வைக்கிறவர்கள் பெரும்பாலும் கமாரோவின் சம்ப்பைத் தேடுவது இதனால்தான். உட்கார்ந்துவிட்டாலும் இன்னொரு தொல்லை. வண்டி பக்கவாட்டாகப் போகும்போது எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், பம்ப் காற்றை உறிஞ்சும், பேரிங் போய்விடும். சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகள் வைக்க வேண்டும். பெட்ரோல் டேங்குக்கும் இதே கதை.

இரண்டாவது எஞ்சின் மவுண்ட். இங்கே நம் பிள்ளைகள் அவசரப்படுவார்கள். "எஞ்சின் டார்க் 450தானே, அதற்கு டிசைன் செய்தால் போச்சு" என்பார்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாக போல்ட் போட்ட ஒரே கட்டை. அந்தக் கட்டையைத் திருகுவது கியர்பாக்ஸிலிருந்து வெளியே போகும் டார்க்கின் எதிர்வினை. முதல் கியர் விகிதம் 2.66 என்றால் 450 அல்ல, கிட்டத்தட்ட 1,200 நியூட்டன் மீட்டர். மவுண்ட் இரண்டுக்கும் இடையே அரை மீட்டர் இருந்தால் ஒவ்வொன்றிலும் 2,400 நியூட்டன், ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. சுமார் 245 கிலோ எடை. டிரிஃப்ட் ஓட்டுகிறவர் கிளட்சை உதைத்து விடும்போது வரும் அதிர்ச்சி இதைவிடப் பெரிசு. ஃப்ரீ பாடி டயக்ராம் போடாதவன் வெல்டிங் ராடைத் தொடக்கூடாது என்று நம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேராசிரியர் ஐயா சொல்வார். அவர் முன்வரிசையில் இருக்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எனக்கு ரொம்பப் பிடித்தது, புரொப்பெல்லர் ஷாஃப்ட். இரண்டாம் வருடத்தில் ஹூக்ஸ் ஜாயிண்ட் என்று ஒரு பாடம் படித்தோமே, பரீட்சையோடு மறந்தோமே, அது இங்கே உயிரோடு வந்து நிற்கும். யுனிவர்சல் ஜாயிண்ட் கோணலாக இருந்தால், ஒரே சீராகச் சுற்றும் ஷாஃப்ட்டிலிருந்து சீரில்லாத சுற்று வெளியே வரும். ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். கோணம் 3 டிகிரி என்றால் ஏற்றம் 0.14 சதவீதம், யாருக்கும் தெரியாது. 10 டிகிரி என்றால் 1.5 சதவீதம். ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்று சுற்றும்போது அந்த ஒன்றரை சதவீதம் தரையை உதறிவிடும். பரிகாரம் என்ன? இரண்டு முனையிலும் கோணம் சமமாக இருந்து, முட்கரண்டிகள் ஒரே தளத்தில் இருந்தால், முன் ஜாயிண்ட் செய்ததைப் பின் ஜாயிண்ட் சரிசெய்துவிடும். அதாவது எஞ்சினின் அச்சும் டிஃபரன்ஷியல் பினியனின் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். எஞ்சினை "இடம் இருக்கிற மாதிரி" சாய்த்து வைக்கக்கூடாது. என் நண்பர் காலி பிளாக் ஒன்றை வாங்கி, உள்ளே ஒன்றும் இல்லாமல், கியர்பாக்ஸ் கூட்டோடு சேர்த்து வண்டியில் தொங்கவிட்டு, நாலு வாரம் அளவு மட்டும் எடுத்தார். அந்த நாலு வாரத்தில் ஒரு துளி வெல்டிங்கூட இல்லை. பார்த்தவர்கள் சிரித்தார்கள். பதினாறு மாதத்தில் அவர் எதையும் இரண்டாவது முறை வெட்டவில்லை.

நான்காவது சூடு. பெட்ரோல் எரிந்து வரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீரில்தான் இறங்குகிறது. சக்தி இரட்டிப்பானால் சூடும் இரட்டிப்பு. ஆனால் டிரிஃப்ட் காரில் காற்று நேராக முன்னால் வராது, வண்டி பக்கவாட்டாக அல்லவா போகிறது! போட்டிக்காரர்கள் பலர் ரேடியேட்டரைப் பின்னால் டிக்கிக்கே கொண்டுபோய்விடுகிறார்கள்.

ஐந்தாவது ஒயரிங். பதினோரு பக்கத்தில் இதற்கு மட்டும் மூன்று. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்கு கிராங்க் எங்கே இருக்கிறது, காற்று எவ்வளவு வருகிறது, தண்ணீர் சூடு எவ்வளவு, எல்லாம் தெரிய வேண்டும். காரின் டாஷ்போர்டு இன்னொரு பாஷை பேசும். நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை பொறி, எட்டு சிலிண்டரில் நாலு முறை. பொறியை எண்ணும் பழைய மீட்டரை அப்படியே மாட்டினால் 3,000 சுற்றை 6,000 என்று காட்டும். ஒவ்வொரு ஒயருக்கும் இரண்டு முனையிலும் சீட்டு ஒட்டுங்கள். நினைவாற்றலை நம்பாதீர்கள்.

இதற்கு மேல் கிளட்ச், டிஃபரன்ஷியல், ஆக்ஸில், பிரேக். ஒரு சங்கிலியில் ஒரு கண்ணியைப் பெரிசாக்கினால் உடைவது அடுத்த கண்ணி. எஞ்சின் மாற்றினவன் வாங்குவது எஞ்சினை மட்டும் இல்லை, அடுத்தடுத்து உடையப்போகும் ஒரு வரிசையையும் சேர்த்துத்தான்.

தம்பிகளே, தங்கைகளே, இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நம் மூத்த முன்னாள் மாணவர் ஒருவர் தன் பழைய கான்டெஸ்ஸா காரைக் கல்லூரிக்குத் தந்திருக்கிறார். இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல், பின் சக்கர இயக்கம். அதில் விபத்து வண்டியிலிருந்து ஒரு பெரிய டர்போ டீசல் எஞ்சினை எடுத்து வைக்க வேண்டும், டிரிஃப்ட் கற்க வேண்டும், சங்கம் பணம் தர வேண்டும் என்று நாலாம் வருட மாணவர்கள் மனு கொடுத்திருக்கிறீர்கள். நேற்று மாலை பட்டறையில் என்னிடம், "அண்ணா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றீர்கள். சொல்கிறேன். ஆனால் பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய் மூடிக் கிடக்கும் இன்னொரு வண்டியையும் பார்த்தேன். முந்தைய ஏதோ ஒரு செட் எஞ்சினை இறக்கிவிட்டு, பிறகு பரீட்சை வந்து, வேலை கிடைத்து, போய்விட்டது. எஞ்சின் இல்லாத அந்த வண்டியில் புறா முட்டை வைத்திருக்கிறது. அந்தப் பையன்களைக் குறை சொல்லவில்லை. பதினாறு மாத வேலையை எட்டு மாதக் கல்வி ஆண்டுக்குள் திணித்தால் அதுதான் நடக்கும்.

உங்கள் டீசல் யோசனையைப் பற்றி ஒரு வார்த்தை. டார்க் நிறைய இருக்கிறது, உண்மை. ஆனால் அது நாலாயிரத்து சொச்சம் சுற்றில் மூச்சு வாங்கும். அதே டிஃபரன்ஷியலில் சக்கர வேகம் குறைந்துபோகும், வளைவின் நடுவில் கியர் மாற்ற வேண்டிவரும். முன்பக்கம் எடையும் கூடும். மேலே சொன்ன கணக்கை உங்கள் எண்களில் போட்டுப் பாருங்கள், நான் சொல்வதை நம்ப வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே இந்த வண்டி ரோட்டுக்கு வரக்கூடாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு பைபாஸில் ஒரு ரவுண்டு என்ற பேச்சே வேண்டாம். ரோட்டில் எதிரே வருகிறவருக்கு நாம் என்ன பரிசோதனை செய்கிறோம் என்று தெரியாது. மூடிய திடல், தீயணைப்புக் கருவி, பக்கத்தில் ஆம்புலன்ஸ், இது மூன்றும் இல்லாமல் சாவியைத் தொடக்கூடாது.

சங்கத்துக்கு நான் வைக்கும் யோசனை இது. இந்த வருடம் எஞ்சினுக்குப் பணம் தர வேண்டாம். அதே பணத்தில் பாதுகாப்புக் கூண்டு, நல்ல சீட், பெல்ட், ஹெல்மெட், பிரேக், ஒரு ஹைட்ராலிக் ஹாண்ட்பிரேக் இவற்றுக்குக் கொடுப்போம். இருக்கிற எஞ்சினோடு நனைந்த தரையில் ஓட்டிக் கற்கட்டும். தரை நனைந்தால் டயரின் பிடி வெகுவாகக் குறையும், நான் போட்ட கணக்கில் 6,100 என்பது பாதிக்கு வந்தாலும் வரும். அப்போது சின்ன எஞ்சினே போதும். சுச்சியாவின் 1.6 லிட்டரை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான். சக்தி குறைந்த வண்டியில் கற்றவனுக்குத்தான் எடை எந்தச் சக்கரத்தில் இருக்கிறது என்று முதுகுத்தண்டில் தெரியும்.

அதே வருடத்தில் இன்னொரு குழு அளவு மட்டும் எடுக்கட்டும். சம்ப், மவுண்ட், ஷாஃப்ட் கோணம், ரேடியேட்டர், ஒயரிங் படம், செலவுப் பட்டியல். வெட்டக்கூடாது, வெல்டு வைக்கக்கூடாது, வரையலாம். கான்டெஸ்ஸாவில் பின் ஆக்ஸில் உயிருள்ளது, ஸ்பிரிங்கோடு ஏறி இறங்கும், பினியன் கோணம் நிலையாக நிற்காது. எஸ்13ல் டிஃபரன்ஷியல் உடம்போடு கட்டியிருக்கும், இங்கே அப்படி இல்லை. ஆகவே உங்கள் கணக்கு என் நண்பருடைய கணக்கைவிடக் கஷ்டம். அந்த வரைபடங்களை மூன்றாம் வருட மாணவர்களிடம் கையெழுத்துப் போட்டு ஒப்படையுங்கள். அடுத்த வருடம் அவர்கள் அதை வைத்துக்கொண்டு வந்து கேட்டால், எஞ்சின் செலவில் என் பங்கை முதல் ஆளாக நான் எழுதுகிறேன். இதை மேடையில் சொல்கிறேன், மலரிலும் அச்சாகும், தப்பிக்க முடியாது.

நாலாம் வருடத் தம்பிகளுக்கு முகம் வாடுவது தெரிகிறது. எஞ்சின் ஓடும் சத்தத்தை நீங்கள் மாணவராக இருந்து கேட்க முடியாமல் போகலாம். ஆனால் நம் துறையில் முக்கால்வாசி வேலை அப்படித்தான். ஒருவர் அளவெடுப்பார், இன்னொருவர் செய்வார், மூன்றாமவர் ஓட்டுவார். எஞ்சின் மாற்றுவது என்றால் இரண்டு அந்நியர்களை ஒரே வீட்டில் குடிவைப்பது. அவர்களுக்குள் சண்டை வருகிற இடங்களை முன்கூட்டியே கண்டுபிடித்துக் காகிதத்தில் எழுதிவைப்பவன்தான் என்ஜினியர். அந்த வண்டி ஓடும் நாளில் முன்னாள் மாணவர்களாக வந்து நில்லுங்கள். உங்கள் ஷாஃப்ட் உதறாமல் சுற்றினால், அந்தத் திடலில் உங்களைவிடச் சந்தோஷப்படுகிறவர் ஓட்டுநர்கூட இல்லை.